பட்டணம் போன ரட்சகர்த்தாக்கள்

எங்கள் நாலு தாலுகாக்களையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ப்பது என்று தீர்மானமான ஐம்பத்தாறாம் வருஷத்தில், ஊரிலேயே அதிகம் அவசரப்பட்டவன் நான்தான். தாலுகாக்கள் நவம்பரில் போவதாக ஏற்பாடு. நான் ஜூனிலேயே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. திருவனந்தபுரத்தில் சட்டப் படிப்பின் முதல் வருஷத்தை முடித்திருந்தேன். மிச்சத்தையும் அங்கேயே இருந்து முடித்திருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், நாளைக்கு நம் வழக்கெல்லாம் பட்டணத்துக்குப் போகும், மேல்கோர்ட்டு அங்கேதான் இருக்கும், அப்படியிருக்க இங்கே உட்கார்ந்து படிப்பது மாற்றலாகிப் போன தாசில்தாரிடம் மனுக் கொடுப்பது மாதிரி என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். உள்ளே இருந்த காரணம் இவ்வளவு பெரிதல்ல. திருவனந்தபுரம் விடுதியில் நான் மலையாளத்தில் வாயைத் திறந்தால் தமிழனுக்கு அவர்கள் வைத்த 'பாண்டி' என்ற பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். பட்டணத்துக்குப் போனால் தாய்மொழியில் பேசிக்கொண்டு மதிப்பாக இருக்கலாம் என்பது என் கணக்கு. பட்டணத்தில் என் தாய்மொழியைக் கேட்ட முதல் ஆள், "நீங்க மலையாளமா சார்?" என்றான். ரிக்‌ஷாக்காரன்.

மாற்றலாகிப் போவதற்கு மாமாவின் சம்மதம் வேண்டும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் குடும்பத்துக் காரணவர், அதாவது தலைவர். எங்களவர்களுக்கு மருமக்கள் வழி. ஒருவனுடைய சொத்துக்கும் அதிகாரத்துக்கும் வாரிசு அவன் பெற்ற பிள்ளை அல்ல, அவனுடைய சகோதரி பெற்ற பிள்ளை. சட்டத்தில் அதை எப்போதோ பாதி உடைத்துவிட்டார்கள். அந்த வருஷம் டில்லியில் மிச்சத்தையும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இந்த ஏற்பாடு வெளியூர்க்காரர்களுக்கு விளங்க வேண்டுமானால், பள்ளிக்கூடத்தில் மார்க்கு அட்டை கொடுக்கிற நாளில் தோவாளைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து தெருவில் நின்றிருக்க வேண்டும். பையன்கள் அட்டையும் கையுமாக அவரவர் வீட்டு வாசலைத் தாண்டி மாமன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நான் கீழத்தெருவிலிருந்து மேலத்தெருவுக்கு என் மாமாவிடம் போவேன். அதே நேரம் என் அப்பாவின் அக்கா மகன் எதிரே எங்கள் வீட்டுக்கு வருவான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனுடைய கணக்கு மார்க்கைப் பார்த்துக் காதைத் திருகிவிட்டு, 'ரட்சகர்த்தா' என்று அச்சடித்த இடத்துக்கு நேராக வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போடுவார். மேலத்தெருவில் மாமா என் காதைத் திருகிக்கொண்டிருப்பார். ஊரில் ஒரு காதும் தப்பியதில்லை. பெற்றவன் கையால் திருகு வாங்கிய காதும் இல்லை. ரட்சகர்த்தா என்பது திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடங்களில் கார்டியனுக்கு வைத்த பெயர். அந்த வார்த்தைக்கு நேராக என் அப்பா என் பொருட்டு ஒரு புள்ளிகூட வைத்தது கிடையாது.

மாமாவுக்கு வக்கீல்களைக் கண்டால் ஆகாது. "வக்கீலு நுழைஞ்ச குடும்பத்துல ரெண்டு அடுப்பு எரியாம இருந்திருக்கா?" என்பார். அவருக்கு வடசேரியில் ஒரு நெல்லரவை மில் இருந்தது. பி.ஏ. முடித்த அன்றைக்கே என்னை அதில் உட்கார வைப்பதாக இருந்தார். அம்மா அழுது அதைச் சட்டப் படிப்பாக மாற்றினாள். இப்போது பட்டணம் என்றதும் வெற்றிலையை நிதானமாக மென்று முடித்தார்.

"போ. நான் தடுக்கல்லே. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஒரு வருசம் பாழாச்சு மாமான்னு வந்து நிக்கப்பிடாது. நின்னியானா சட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மில்லுல வந்து இருந்திரணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா" என்றேன். அந்த மில்லில் நான் ஒரே ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்திருக்கிறேன். காதில் தவிடு, மூக்கில் தவிடு, இயந்திரம் போடுகிற கூச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. மாமா பேசுவது மட்டும் கேட்கும். ஆயுள் முழுக்க அங்கே இருப்பதைவிட ஆயுள் தண்டனைக் கைதிகளுக்கு வாதாடுவது மேல் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

திருவனந்தபுரத்தில் டி.சி. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் தயங்குவார்கள், ஒரு நல்ல மாணவனை இழக்கிறோமே என்று யாராவது ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். என் இடத்துக்கு ஒருவன் ஏற்கெனவே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் வாசற்படி இறங்குவதற்குள் அவன் உள்ளே போனான். ஆக, பின்பக்கம் கதவு சாத்தியாயிற்று. முன்பக்கம் பட்டணம்; அது திறக்காவிட்டால் மில்.

பட்டணத்துக் கல்லூரியில் மாற்றலாகி வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா சாந்தமான மனிதர். என் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, "சரி, சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"தகப்பனார் எப்போ காலமானார்?"

"ஆகல்லே சார். இருக்காரு."

"கார்டியன்னு வேற பேர் போட்டிருக்கே? எல்லாக் காகிதத்திலயும்?"

"அது மாமா."

"ஓ. தகப்பனார் வெளிதேசமோ? கொழும்பு, பர்மா…"

"ஊரிலேதான் இருக்காரு."

அவர் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உடம்புக்கு ஏதாவது… சித்தம் சரியில்லாம…"

"நல்லா இருக்காரு சார். நான் புறப்படும்போது சக்கப்பழம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

சக்கப்பழம் என்றால் பலாப்பழம் என்று அவருக்குத் தெரியவில்லை. மருந்து என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, அனுதாபத்தோடு தலையசைத்தார். மிச்சமிருந்த ஒரே காரணத்தை அவர் கேட்கக் கூச்சப்பட்டது தெரிந்தது. ஜெயிலிலும் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் வருஷப் பரீட்சையில் எனக்கு நல்ல மார்க்கு வந்த ஒரே பாடம் மருமக்கள் வழிச் சட்டம். படித்ததைச் சொல்ல இப்படியொரு ஜன்னல் இனிமேல் கிடைக்குமா? காரணவர் என்றால் யார், அவருடைய அதிகாரம் எதுவரை, தாய்வழிக் குடும்பத்தின் பொதுச் சொத்து எப்படி, அதில் தகப்பன் என்கிறவன் ஏன் வெளியாள் என்று வரிசையாக எடுத்துவைத்தேன். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து கேட்டார்கள். வகுப்பில்கூட எனக்கு அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை.

முடிந்ததும் ஒருவர் கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். "அப்போ உங்க ஊர்ல அப்பாவுக்கு என்னதான் சார் வேலை?"

அந்தக் கேள்வி பாடத்தில் வரவில்லை.

என் குமாஸ்தா மட்டும் அசையவில்லை. "மலபார்ப் பிள்ளைங்க சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க நவம்பர்ல கேரளான்னு அந்தப் பக்கம் போறாங்க. நீங்க நவம்பர்ல இந்தப் பக்கம் வர்றீங்க. அவங்க எடுத்துட்டுப் போறதை நீங்க கொண்டுட்டு வர்றீங்களாக்கும்?" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: "தகப்பனார் ஜீவிச்சிருக்கறப்போ மாமா கையெழுத்துப் போட்டா, நாளைக்குத் தகப்பனார் வந்து என்னைக் கேட்பார். தகப்பனார் போட்டா, இத்தனை வருஷம் போட்ட மாமா வந்து கேட்பார். ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடுங்க. என் முன்னாலே ஒருத்தர் போடட்டும், இன்னொருத்தர் சம்மதம்னு சொல்லட்டும். அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. அன்னிக்குச் சாயந்திரம் ஜன்னல் சாத்தியாச்சுன்னா அப்புறம் அடுத்த வருஷம்தான்."

ஊருக்குத் திரும்பி இதை நான் சொன்ன இடம் மாமா வீட்டு முற்றம். அதுவே தவறு, முதலில் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவிடம் முதலில் சொல்லியிருந்தால் அதுவும் தவறு.

"அப்பன் கையெழுத்தா?" என்றார் மாமா. "எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?"

"அவங்க அப்பா செத்துப்போனாரான்னுதான் கேட்டாங்க மாமா."

"அப்படிக் கேட்டவன்கிட்ட நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன்."

"சொல்லிட்டியா. கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு." வெற்றிலைச் செல்லத்தை மூடினார். "ஒண்ணாங் கிளாசிலேருந்து உனக்கு ஒப்புப் போட்டு இந்த விரலு தேஞ்சு போச்சு. இப்பம் பட்டணத்துக்காரன் சொல்லுகான்னு ஒனக்கு அப்பன் வேணுமாக்கும்."

வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். அன்று மத்தியானம் அவர் பழைய பத்திரிகையின் ஓரத்தில் தன் கையெழுத்தை நாலைந்து தினுசாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன்களுக்குப் போடுகிற கையெழுத்து எனக்குப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ. நான் வருவதைப் பார்த்ததும் பத்திரிகையைப் புரட்டி, மழையைப் பற்றி ஏதோ வாசிப்பது போல இருந்தார்.

ஊரில் இந்தச் சேதி சாயந்திரத்துக்குள் வேறு உருவம் எடுத்தது. அப்பா மகனுக்கு ரட்சகர்த்தா ஆகப் போகிறார் என்றால், சொத்தையும் மகன் பெயருக்கு எழுதப் போகிறார் என்று அர்த்தம். பிள்ளை வேறு சட்டம் படிக்கிறான். மறுநாள் காலையில் அப்பாவின் மூத்த மருமகன், என்னோடு எதிரும் புதிருமாக அட்டை சுமந்தவன், இப்போது கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவன், வெயிலே இல்லாத நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, பட்டணம் போறியளாமே?"

"ஆமா. இவனுக்கு ஒரு ஒப்புப் போடணுமாம்."

"போடுங்கோ, போடுங்கோ. நல்ல காரியம்லா." குடையை மடக்கினான். "வேற எதிலயும் போடாண்டாம்."

அவன் போனபிறகு அப்பாவுக்குக் கையெழுத்தில் இருந்த ஆசை போய்விட்டது. மாமாவே போடட்டும், நான் எதற்கு என்றார். அதை நான் மேலத்தெருவில் போய்ச் சொன்னபோது மாமாவுக்கு அதிலும் குறை வந்தது: "அவரு வேண்டாம்னு விட்டதை நான் பெறுக்கி எடுக்கணுமா?"

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு மில்லின் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அம்மா புறப்பட்டாள். ஒருவருக்குத் தங்கை, இன்னொருவருக்கு மனைவி. அந்த இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டுகிற உரிமை உலகத்திலேயே அவளுக்குத்தான் உண்டு. அப்பாவை மேலத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் மாமாவுக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"ஏண்ணே, பிள்ளைக்கு ஒரு சீட்டு போகுது. நீங்க ரெண்டு பேரும் சம்பந்தம் பேசுகது போல இருக்கியோ. ஒரு ஆளு போட்டா மத்த ஆளுக்குக் கையி அழுகிப் போயிருமா? போயி ரெண்டு பேரும் அந்தச் சவத்துல ஒண்ணா கோடு கிழிச்சிட்டு வாங்கோ. இல்லேன்னா நான் போயிப் போடுகேன்."

அவள் போடுவது என்ற யோசனை இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பியது. எங்கள் வழியில் எல்லாமே பெண்களின் வம்சம். கையெழுத்து மட்டும் ஆண்கள் வம்சம்.

அந்தக் காலத்தில் நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கிருந்து ரயில். இருவரும் வெளுத்த வேட்டியும் தோளில் புது நேரியல் துண்டுமாக வந்தார்கள். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். அப்பாவும் மாமாவும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாக இருந்த கம்பியை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டார்கள். நான் பின்னால்.

ஆரல்வாய்மொழி தாண்டும்போது கண்டக்டர் வந்தார். மாமா மடியை அவிழ்த்தார். "ரெண்டு முழுசு. பின்னால ஒரு பையன் இருக்கான்."

"பையன் எங்கே?"

"இந்தா, இவன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் மீசை வளர்க்க ஆரம்பித்திருந்த நேரம். "இதுவா பையன்? பெரியவரே, பெண்ணு கெட்டிக் கொடுத்தா அடுத்த வருசம் ரெண்டு பையனுக்கு அப்பனாயிருவாரு, பாத்துக்கிடும்" என்று சொல்லி மூன்று முழு டிக்கெட்டாகக் கிழித்தார். பஸ் சிரித்தது. கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றில்தான், முழு வருஷம் சட்டம் படித்த என் மண்டையில் சட்டம் உதித்தது.

பதினெட்டு முடிந்தவன் மேஜர். மேஜருக்கு ரட்சகர்த்தா கிடையாது. சொத்து விற்கலாம், வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம், பெற்றவன் மேலேயே வழக்குப் போடலாம். திருவனந்தபுரத்தில் முதல் வாரத்தில் முதல் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்ட முதல் விஷயம் அது. அந்த விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போடலாம். மாமா வேண்டாம், அப்பா வேண்டாம், ஜவுளிக்கடைக் குடையும் வேண்டாம்.

முன் இருக்கையைப் பார்த்தேன். நரைத்த இரண்டு பின்னந்தலைகள் காற்றுக்குக் குனிந்திருந்தன. இருவர் மடியிலும் புளிச்சோற்றுப் பொதி, ஆளுக்குப் பாதியாக. இப்போது போய் 'உங்கள் கையெழுத்து தேவையே இல்லை' என்று சொன்னால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவார்கள். இறங்கினால்கூடப் பரவாயில்லை. இத்தனை நாள் ஒரு ஊரையே கலக்கியது நான் படித்த பாடத்தை நானே மறந்ததால்தான் என்று தெரியவந்தால், மில்லைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை என்று மாமா சொல்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பேசாமலிருந்தேன். பணிவால் பேசாமலிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜவுளிக்கடைக் குடை தூரத்தில் போய்விட்டதால் அப்பாவுக்குக் கையெழுத்து ஆசை திரும்பியிருந்தது. ரயிலில் அவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"நாந்தான் போடணும் மாப்பிளே. முறை அது" என்றார் மாமா.

"முறை கணவாய்க்கு இந்தப் பக்கம் உண்டுமா அத்தான்? பெத்தவன் போடணும்னுதானே அந்த ஆளு கேக்கான்."

"பெத்தது உம்ம பெண்டாட்டி. எனக்கத் தங்கச்சி."

"அப்பம் நான் எதுக்கு வந்தேன்?"

"சம்மதம்னு சொல்லுகதுக்கு."

மதுரை தாண்டும்வரை இதுதான். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி, இவர்கள் ஏதோ பெரிய நிலத்துக்காகப் போராடுகிறார்கள் என்று நினைத்து, எத்தனை கோட்டை விதைப்பாடு என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஒரு சீட்டு என்றேன். சினிமாக் கொட்டகை சீட்டா என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அந்த ஜன்னலுக்கு முன்னால் நாங்கள் மூவரும் நின்றோம். குமாஸ்தாவுக்கு என்னை நினைவிருந்தது. அப்பாவைப் பார்த்ததும், கதையில் வந்த ஆள் நேரில் வந்துவிட்டது போல அவருக்கு ஒரே சந்தோஷம். விண்ணப்பத்தை எடுத்து, பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

"யார் போடறீங்க?"

இங்கேதான் நான் எங்கள் ஊரை மறந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மைத்துனர்கள் தங்களுக்குள் எப்படியும் அடித்துக்கொள்ளலாம். அன்னியன் முன்னால் ஒருவர் மற்றவரை முந்தக்கூடாது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருவதானாலும் சரி, ஒரு வாசல்படி தாண்டுவதானாலும் சரி, "நீங்க, நீங்க" என்று தள்ளிக்கொண்டு சோறு ஆறும்வரை நிற்பார்கள். வீட்டுக்குள் சண்டை எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவுக்கு வெளியே மரியாதை ஏறும். இவர்களுடைய சண்டை திருநெல்வேலியிலிருந்து மதுரை வரைக்கும் முற்றியிருந்தது.

மாமா பேனாவைத் தொடாமல் ஓர் அடி பின்னால் வைத்தார். "நீங்க போடுங்க மாப்பிளே. பெத்தவருல்லா."

"சே! அத்தான் நிக்கும்போது நானா? காரணவரு நீங்க."

"அதெல்லாம் ஊருல. இது பட்டணம்."

"எங்க போனாலும் மூத்தவங்க மூத்தவங்கதானே."

"போடும்வே, நான் சொல்லுகேன்லா."

"நீங்க போடுங்க. நான் பின்னால நிக்கேன்."

பேனா நுனியிலிருந்து மை ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. குமாஸ்தா அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு என்னை. அந்தப் பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது.

"என்ன தம்பி இது. ரெண்டு பேருமே உங்களை வேண்டாங்கறாங்களே."

"வேண்டாங்கல்லே சார். மரியாதை."

"எனக்கு ஜன்னல் சாத்தற நேரம்."

மாமா அப்பாவின் முழங்கையைப் பிடித்து முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். அப்பா கால்களைத் தரையில் ஊன்றி நின்றார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் தங்கள் விண்ணப்பங்களோடு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். உள்ளே ஒருவர் ஜன்னல் கதவின் கொக்கியைக் கழற்றினார். அந்தக் கொக்கியின் சத்தம் எனக்கு மில்லின் பெல்ட்டு ஓடத் தொடங்குகிற சத்தமாகக் கேட்டது. நான் பேனாவை வாங்கினேன்.

"சார், நான் மேஜர். நானே போடுகேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். குமாஸ்தா எழுந்து உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். வரும்போதே விண்ணப்பத்தில் என் பிறந்த தேதியை விரலால் தேடிக்கொண்டு வந்தார். "போடலாமாம். தாராளமா போடலாமாம்" என்றார். "இதை நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாமே. சட்டம் படிக்கிற பிள்ளை." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கும் தோணலை. அந்த மருமக்கள் கதையைக் கேட்டதுல" என்றார்.

போட்டேன். பக்கத்தில் 'விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தானே' என்று எழுதினேன். முத்திரை விழுந்தது. பி.எல். சீட்டு கிடைத்துவிட்டது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். மாமா நேரியலை உதறித் தோளில் போட்டார்.

"ஏலே. அப்பம் நாங்க ரெண்டு பேரும் எதுக்கு வந்தோம்?"

நான் பதில் யோசிப்பதற்குள் அப்பா சொன்னார்: "அதானே."

இருபத்தொரு வருஷத்தில் இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒற்றுமை அதற்குப் பிறகு குலையவே இல்லை. என்னைக் கேட்காமல், கடற்கரை எந்தப் பக்கம் என்று ஒரு போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டு இருவரும் நடந்தார்கள். ரோட்டைத் தாண்டும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். காற்று வாக்கில் பேச்சு கேட்டது.

"உம்ம மகன் வக்கீலாயிருவான் மாப்பிளே."

"உங்க மருமகன்லா அத்தான்."

"இல்லவே, உம்ம மகன்."

"உங்க வளர்ப்பு."

இதிலும் ஒருவரும் முந்த மறுத்துவிட்டார்கள்.

நவம்பர் முதல் தேதி எங்கள் தாலுகாக்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் தகப்பன் யார், மாமன் யார் என்று ஜன்னலில் வைத்து ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோலாகலத்தைப் பார்க்க நான் ஊருக்குப் போனேன். நாகர்கோவிலில் தோரணம், வாணவேடிக்கை, பேச்சாளர்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குக்கூட அத்தனை கூட்டம் நான் பார்த்ததில்லை. பேச்சாளர்களில் பாதிப் பேர் எங்கள் தமிழைப் புகழ்ந்தார்கள்; எங்களைப் பேச விடவில்லை. சரி, வந்தது வந்தாயிற்று என்று ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம் என்று இருந்துவிட்டேன். மாமா என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மேஜரிடம் சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது.

டிசம்பரில் நான் பட்டணம் திரும்பியதும் விடுதிக்கு ஒரு தபால் வந்தது. மாணவனின் வருகை குறைவாக இருக்கிறது, இப்படியே போனால் பரீட்சை எழுத அனுமதி கிடைக்காது, கார்டியன் உடனே கவனித்துப் பையனைக் கண்டிக்க வேண்டும் என்று கல்லூரியிலிருந்து எழுதியிருந்தார்கள். மேல்விலாசத்தில் கார்டியன் என்று என் பெயர். இரண்டு முறை படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சிரமப்பட்டுச் சீட்டு வாங்கிக் கொடுத்தும் இந்தப் பயல் இப்படியா என்று இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அவனைக் கடுமையாகவே கண்டித்தேன். அடுத்த நாளும் அவன் வகுப்புக்குப் போகவில்லை.